வீட்டு பிளக் பாயின்ட்டும் வயர் நிறங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு வீடுகளில் புதிதாக வயரிங் செய்யும்போதும், பழைய வயரிங்கைப் பழுது பார்க்கும்போதும், வெளிநாட்டிலிருந்து வந்த சாதனத்துக்கு பிளக் மாற்றும்போதும் எழும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலையை அவரே செய்யட்டும். ஆனால் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்பதை வீட்டில் குடியிருப்பவரும் அறிந்திருக்க வேண்டும்; அப்போதுதான் வேலைக்கு வருபவரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

பிளக் பாயின்ட்டில் உள்ள மூன்று துளைகளும் எவை எவை?

பிளக் பாயின்ட்டை நேருக்கு நேர் நின்று பார்த்தால், மேலே உள்ள பெரிய துளை எர்த், வலப்பக்கத் துளை பேஸ், இடப்பக்கத் துளை நியூட்ரல். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அந்த அழுத்தம் பேஸ் வயரில்தான் இருக்கிறது. பேஸ் வழியாக வந்த மின்னோட்டம் சாதனத்துக்குள் வேலை செய்து முடித்து, நியூட்ரல் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்புகிறது. டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரலை நிலத்தோடு இணைத்துவிடுவதால், எல்லாம் ஒழுங்காக இருக்கும் வரை அதன் அழுத்தம் ஏறத்தாழ பூஜ்யமாகவே இருக்கும். எர்த் வயரில் சாதாரண நேரத்தில் மின்னோட்டமே கிடையாது. சாதனத்தின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால் அதை நிலத்துக்குக் கொண்டுபோகும் ஒரே நோக்கத்துக்காக அது காத்திருக்கிறது.

பிளக்கின் எர்த் முள் மற்ற இரண்டைவிட நீளமாகவும் தடிப்பாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நீளமாக இருப்பதால், செருகும்போது முதலில் எர்த் சேருகிறது. பிடுங்கும்போது கடைசியாக எர்த் விடுபடுகிறது. தடிப்பாக இருப்பதால், தவறியும் அதை பேஸ் துளைக்குள் நுழைக்க முடியாது. ஷட்டர் உள்ள சாக்கெட்டுகளில், கீழ்த் துளைகளை மூடியிருக்கும் தடுப்பைத் திறந்துவிடுவதும் இந்த முள்தான். இரண்டு முள் பிளக்கை நுழைப்பதற்காக எர்த் துளைக்குள் பேனாவையோ ஸ்க்ரூ டிரைவரையோ விட்டு அழுத்தும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தடுப்பு எதற்காக வைக்கப்பட்டதோ அந்தக் காரணத்தையே அது பாழாக்குகிறது. குழந்தைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பழக்கமும் அதுவே.

ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். வயரை இணைப்பதற்காக சாக்கெட்டைக் கழற்றிப் பின்பக்கமாகத் திருப்பும்போது இடமும் வலமும் மாறிவிடுகின்றன. பேஸும் நியூட்ரலும் இடம் மாறிப்போன பிளக் பாயின்ட்டுகளில் பெரும்பாலானவை இந்தத் திருப்பலில் நேர்ந்த பிழைகளே. பின்புறம் ஒவ்வொரு திருகுக்கும் அருகில் எழுத்துக்குறியோ எர்த் குறியோ பொறித்திருப்பார்கள். கை நினைவை நம்பாமல் அந்தக் குறியைப் பார்த்து மாட்ட வேண்டும்.

சுவருக்குள் ஓடும் வயர்களுக்கு எந்த நிறம் எதைக் குறிக்கிறது?

இந்திய வழக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் பேஸ்; கறுப்பு நியூட்ரல்; பச்சையோ, பச்சையில் மஞ்சள் கோடு போட்டதோ எர்த். மின்வாரியம் தெருவில் கொண்டுவரும் மூன்று பேஸ்களுக்கு ஒவ்வொரு நிறம் என்ற கணக்கில் அமைந்த ஏற்பாடு இது. சிங்கிள் பேஸ் இணைப்பு உள்ள வீட்டில் பெரும்பாலும் சிவப்பு மட்டுமே பேஸாக ஓடும். திரீ பேஸ் இணைப்பு உள்ள வீட்டில் முன்னறைக்குச் சிவப்பு, சமையலறைக்கு மஞ்சள், மாடிக்கு நீலம் என்று பிரித்திருப்பார்கள்.

திரீ பேஸ் வீட்டில் இரண்டு வெவ்வேறு பேஸ்கள் ஒரே சுவிட்ச் போர்டுக்குள் வந்து சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் இருக்கும்போது, இரண்டு பேஸ்களுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட் இருக்கும். ஒரே பெட்டிக்குள் சிவப்பும் நீலமும் தெரிந்தால், அவை எங்கிருந்து வருகின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

அயர்ன் பாக்ஸ் வயரை வெட்டினால் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் என்று வேறு நிறங்கள் வருகின்றனவே?

சாதனத்தோடு வரும் வளையும் வயருக்கு உலகின் பெரும்பகுதியில் வழங்கும் நிறமுறை வேறு. அதில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் கோடு எர்த். ஆகவே மூன்று முள் பிளக்கை மாட்டும்போது பழுப்பு வலப்பக்கமும் நீலம் இடப்பக்கமும் போவது சாக்கெட்டின் வரிசையோடு பொருந்தவேண்டும். பிளக்கின் உள்ளே பொறித்த குறி அதைச் சொல்லிவிடும்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: சுவருக்குள் இருக்கும் நீலம் பேஸாக இருக்கலாம், சாதனத்தின் வயரில் இருக்கும் நீலம் நியூட்ரல். ஒரே நிறம், இரண்டு எதிரான பொருள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வயரையே நீட்டி நிரந்தர வயரிங்காக ஆணியடித்துக் கொண்டுபோகும் வீடுகளில் இந்த இரண்டு முறைகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அந்த இணைப்பை இன்சுலேஷன் டேப் சுற்றி மறைத்துவிட்டால், பத்தாண்டு கழித்து அதைத் திறப்பவருக்கு நீலத்தைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது.

உலகம் முழுவதும் ஒரே நிறம் ஏன் இல்லை?

நிறத்துக்கும் மின்சாரத்துக்கும் இயற்கையான தொடர்பு எதுவும் கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கேற்ப ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது; பிறகு மாற்றவும் செய்தது. பிரிட்டனில் நெடுங்காலம் நம்மைப் போலவே சிவப்பு பேஸாகவும் கறுப்பு நியூட்ரலாகவும் இருந்தன. 2004 முதல் அங்கே புதிய முறை அனுமதிக்கப்பட்டு, 2006 ஏப்ரலிலிருந்து கட்டாயமாயிற்று. இப்போது அங்கே நீலம் நியூட்ரல். திரீ பேஸில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் பேஸ். அதாவது நேற்றுவரை நியூட்ரலாக இருந்த கறுப்பு இன்று பேஸ்களில் ஒன்று. ஜெர்மனியில் 1960களுக்கு முற்பட்ட பழைய வீடுகளில் சிவப்பு வயரே எர்த்தாக இருந்தது. இன்று அப்படி ஒரு வீட்டைத் திறந்து பார்க்கும் இளைஞர் அதை பேஸ் என்றுதான் நினைப்பார்.

அமெரிக்காவில் கறுப்பு பேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சையோ உறையில்லாத வெறும் தாமிரமோ எர்த். நம் ஊரில் கறுப்பு என்றால் நியூட்ரல் என்று பழகிய கை, அமெரிக்காவிலிருந்து வந்த சாதனத்தின் வயரை நேர்மாறாக மாட்டிவிடும். அதைவிட முக்கியமானது, அந்தச் சாதனம் 120 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டதா என்பதை அதன் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து முதலில் உறுதி செய்வது. 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால், பிளக்கை மாற்றுவதால் எதுவும் சரியாகாது. வோல்ட்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் வளைகுடா நாடுகள் பலவற்றிலிருந்தும் வரும் சாதனங்களில் 13 ஆம்பியர் சதுர முள் பிளக் இருக்கும். அதற்குள் சிறிய ஃபியூஸ் ஒன்று உண்டு. பிளக்கை வெட்டிவிட்டு நம் ஊர் பிளக்கை மாட்டினால் அந்த ஃபியூஸ் பாதுகாப்பும் போய்விடுகிறது. தரமான அடாப்டர் வாங்குவதோ, சுவரில் எல்லா வகைப் பிளக்கையும் ஏற்கும் சாக்கெட்டைப் போடுவதோ மேல்.

எர்த் வயருக்கு மட்டும் ஏன் இரட்டை நிறம்?

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்குறை உள்ளவர்கள் எல்லா ஊரிலும் உண்டு; ஆண்களிடையே அது கூடுதல். ஒரே நிறம் பூசிய வயரை மங்கிய வெளிச்சத்தில் அவர்கள் தவறாகக் கொள்ளலாம். கோடு போட்ட வயரை எந்தக் கண்ணும் அடையாளம் கண்டுகொள்ளும். எர்த் வயரில் பிழை நேர்ந்தால் அது உயிரோடு விளையாடும் பிழை என்பதால், அதற்கு மட்டும் நிறத்தோடு வடிவத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அப்படியானால் நிறத்தை நம்பலாமா, கூடாதா?

வயரிங் செய்தவர் அடுத்து வருபவருக்கு விட்டுச்சென்ற சொல்தான் நிறம். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

காரணங்கள் பல. மர ரீப்பர் மேல் கிளிப் அடித்து ஓட்டிய பழைய வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் ஒரே நிறமாகவே இருப்பதுண்டு. புது வீடுகளிலும், கறுப்புச் சுருள் தீர்ந்துபோன மாலை நேரத்தில், கடைக்குப் போகச் சோம்பி மஞ்சளையே நியூட்ரலாக இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள். சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் வயர் வேறு ஒரு குழப்பம். சுவிட்ச் போட்டிருக்கும்போது அதில் பேஸ் இருக்கும், அணைத்திருக்கும்போது இருக்காது; அதற்குக் கையில் கிடைத்த நிறத்தைப் பயன்படுத்துவது வழக்கமாகிவிட்டது. மாடிப்படி விளக்குக்கு மேலும் கீழும் வைக்கும் டூ-வே சுவிட்சுகளுக்கு இடையே ஓடும் இரண்டு வயர்களில், சுவிட்சின் நிலைக்கேற்ப ஒன்று மாற்றி ஒன்றில் பேஸ் வந்துகொண்டிருக்கும். அவற்றில் எந்த நிறத்தைக் கண்டாலும் பேஸ் என்றே கருத வேண்டும்.

வேறு வழியின்றி நிறம் மாற்றிப் பயன்படுத்தினால், வயரின் இரண்டு முனைகளிலும் உரிய நிற டேப்பைச் சுற்றிவைப்பது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுபவரையே நான் நல்ல தொழிலாளி என்று மதிப்பேன்.

டெஸ்டர் எரிந்தால் பேஸ், எரியாவிட்டால் நியூட்ரல். இது போதாதா?

போதாது. டெஸ்டருக்குள் ஒரு சிறிய நியான் விளக்கும், ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் தடையும் இருக்கின்றன. பேஸிலிருந்து ஒரு மில்லி ஆம்பியரிலும் மிகக் குறைந்த மின்னோட்டம் அவற்றின் வழியாக உங்கள் விரலுக்கும் உடலுக்கும் வந்து நிலத்தைச் சேரும்போது விளக்கு எரிகிறது. தடித்த ரப்பர் செருப்போடு மர ஏணியில் நின்றால், பேஸ் இருந்தும் மங்கலாகத் தெரியலாம். பட்டப்பகல் வெளிச்சத்தில் அந்த மங்கல் கண்ணுக்கே படாது. எரியவில்லை என்பதை மின்சாரம் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளவே கூடாது. குறைந்தபட்சம், பேஸ் இருப்பது உறுதியான ஓரிடத்தில் டெஸ்டரை வைத்து எரிவதைப் பார்த்துவிட்டு, சோதிக்க வேண்டிய இடத்தில் வைத்து, மறுபடியும் முதல் இடத்துக்கு வந்து அது இன்னும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை என்று பலர் பதறுகிறார்கள். பெரும்பாலும் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கும். வீட்டில் ஏதாவது ஒரு ஃபேனோ விளக்கோ சுவிட்ச் போட்ட நிலையில் இருந்தால், பேஸ் அதன் வழியாக நியூட்ரல் வயருக்கு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. அந்த நேரத்தில் கறுப்பு வயரும் சிவப்பைப் போலவே ஷாக் அடிக்கும். கரண்ட் இல்லை என்று எண்ணி யாரும் கை வைக்கும் நேரமும் அதுவே. திரீ பேஸ் வீட்டில் மெயினுக்கு முன்னால் நியூட்ரல் அறுந்தால் இன்னும் மோசம்: சில அறைகளில் வோல்ட்டேஜ் 300-க்கும் மேலே ஏறி டி.வி.யும் ஃபிரிட்ஜும் எரிந்துபோகும். விளக்குகள் சில அறைகளில் கூசும் அளவுக்கும், சில அறைகளில் மங்கியும் எரிந்தால், வேறு எதையும் யோசிக்காமல் மெயினை அணைத்துவிடுங்கள்.

மல்டி மீட்டர் நம்பகமான கருவி. ஒழுங்கான பிளக் பாயின்ட்டில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட்டும் காட்டும். எங்கும் இணைக்கப்படாத வயரில் 60, 80 வோல்ட் என்று டிஜிட்டல் மீட்டர் காட்டினால் திகைக்க வேண்டாம். ஒரே பைப்புக்குள் பேஸை ஒட்டி ஓடுவதால் தொற்றிய அழுத்தம் அது. எலக்ட்ரீஷியன்கள் பலர் ஹோல்டரில் குண்டு பல்பு மாட்டிய டெஸ்ட் லேம்ப்பை வைத்திருப்பதன் நியாயம் இதுதான். தொற்றிய அழுத்தத்தால் பல்பை எரிக்க முடியாது.

பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் என்ன? சாதனம் ஓடத்தானே செய்கிறது?

ஓடும். அதனால்தான் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கிறது. ஆனால் சாதனத்தில் உள்ள சுவிட்ச் பேஸை அறுப்பதற்காக வைக்கப்பட்டது. வயர் மாறியிருந்தால் அது நியூட்ரலை அறுக்கும். சாதனம் அணைந்திருக்கும்போதும் உள்ளே முழு 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். சுவரில் உள்ள விளக்கு சுவிட்சுக்கும் இது பொருந்தும். சுவிட்சை அணைத்துவிட்டு பல்பு மாற்றுபவரின் விரல் ஹோல்டருக்குள் பட்டால் ஷாக் அடிப்பதற்கு இதுவே காரணம். அணைத்த பிறகும் எல்.இ.டி. விளக்கு மின்மினி போல மங்கலாக எரிந்தால் இந்தச் சந்தேகத்தோடு ஒருமுறை சோதியுங்கள். இண்டிகேட்டர் உள்ள சுவிட்சிலும், நீளமான வயரிங்கிலும் பிழை எதுவும் இல்லாமலேயே அப்படி எரிவதுண்டு.

எங்கள் வீட்டில் எர்த் வயரே இல்லை. நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டில் சேர்த்துவிட்டால் போதும் என்கிறார்கள். சரியா?

கூடவே கூடாது. இதை இயன்ற அளவு அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இது என் வீட்டிலேயே நடந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் குடியிருந்த வாடகை வீட்டில் புது ஃபிரிட்ஜ் வாங்கியபோது, மூன்று முள் பாயின்ட் வைத்துக் கொடுக்க ஒருவர் வந்து, அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார். ஒரு மழைநாள் மாலை கரண்ட் போயிற்று. இருட்டில் ஃபிரிட்ஜ் கதவைத் தொட்ட என் அம்மா கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். ஈரமான தரையில் நின்றிருந்தார்; பிடி இறுகாமல் விடுபட்டது எங்கள் நல்ல காலம். மறுநாள் அந்த சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்குக் கட்டைவிரல் நீளமே உள்ள ஒரு வயர் வளைந்து போயிருந்தது. வயர் நல்ல பச்சை நிறம். நிறத்தை மட்டும் பார்த்தவர் யாராக இருந்தாலும் எர்த் இருக்கிறது என்றே எழுதிக் கொடுத்திருப்பார்.

நடந்தது இதுதான். அன்று கரண்ட் போகவில்லை. மீட்டர் பெட்டிக்குள் நியூட்ரல் மட்டும் விட்டுப்போயிருந்தது. சுவிட்ச் போட்டபடியே நின்ற ஃபேன் வழியாக பேஸ் நியூட்ரலுக்கு வந்து, அந்தப் பச்சைத் துண்டின் வழியாக ஃபிரிட்ஜின் உலோக உடலில் ஏறி நின்றது. எர்த் இல்லாத ஃபிரிட்ஜுக்கு உள்ளே கசிவு ஏற்பட்டால்தான் ஆபத்து. நியூட்ரலை எர்த்தோடு கட்டிய ஃபிரிட்ஜுக்கோ, எங்கோ ஒரு நியூட்ரல் திருகு தளர்ந்தாலே ஆபத்து. பிளக்கில் செருகினால் மூன்று விளக்குகளால் சரியா தவறா என்று காட்டும் சோதனைக் கருவிகளாலும் இந்தக் கட்டைக் கண்டுபிடிக்க முடியாது; எல்லாம் சரி என்றே காட்டும். சாக்கெட்டைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

எர்த் இல்லாத வீட்டுக்குச் சரியான வழி, எர்த் குழி எடுத்து அங்கிருந்து தனி வயரை மெயின் போர்டுக்கும் ஒவ்வொரு பிளக் பாயின்ட்டுக்கும் கொண்டுவருவதுதான். அது முடியும்வரை, மின்சாரம் கசிந்தால் இணைப்பை அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியையாவது போட்டுக்கொள்ளுங்கள்.

எர்த் குழி வைத்தாயிற்று. இனிக் கவலை இல்லையே?

குழி இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. பைப் எர்த்திங் என்றால் ஏறத்தாழ 2.5 மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. குழாயை நிலத்தில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் நிரப்புவார்கள். மண் ஈரமாக இருக்கும்வரைதான் அது மின்சாரத்தை வாங்கும். ராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டங்களில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் சித்திரை, வைகாசி வெயிலில் குழி காய்ந்து தடை ஏறிவிடும். மேலே உள்ள புனலில் தண்ணீர் ஊற்றச் சொல்வது அதற்காகத்தான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். வாஷிங் மெஷினுக்குள் பேஸ் வயர் தேய்ந்து உடலைத் தொடுகிறது. எர்த் தடை மொத்தம் 2 ஓம் என்றால் 230-ஐ 2-ஆல் வகுத்து 115 ஆம்பியர் பாயும். மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்சான எம்.சி.பி., 16 ஆம்பியர் உடையது என்றால், உடனே விழுந்துவிடும். காய்ந்த குழியின் தடை 100 ஓம் என்றால் பாய்வது 2.3 ஆம்பியர் மட்டுமே. எம்.சி.பி. அதை ஓர் அயர்ன் பாக்ஸ் எடுத்துக்கொள்வதைவிடக் குறைந்த சுமையாகவே எண்ணி அசையாமல் இருக்கும். மெஷினின் உடலில் ஏறத்தாழ முழு 230 வோல்ட்டும் நிற்கும்.

எம்.சி.பி. இருக்கும்போது ஆர்.சி.சி.பி. எதற்கு?

மேலே சொன்ன 2.3 ஆம்பியருக்காகத்தான். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. மின்னோட்டம் அளவுக்கு மீறி, வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் அது தடுக்கிறது. ஆர்.சி.சி.பி. காப்பாற்றுவது மனிதரை. பேஸில் போனது நியூட்ரலில் முழுமையாகத் திரும்புகிறதா என்று அது கணந்தோறும் ஒப்பிடுகிறது. ஓர் ஆளின் உடல் வழியாகவோ சாதனத்தின் உடல் வழியாகவோ 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் போனால், நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பை அறுத்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டதைத்தான் வாங்க வேண்டும். 100, 300 என்று போட்டவை தீ விபத்தைத் தடுக்க உதவுமே தவிர, ஆளுக்குப் போதாது. பேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் இரண்டு கைகளால் தொட்டு, உடலிலிருந்து நிலத்துக்கு எதுவும் கசியாமல் நிற்பவரை அதனாலும் காப்பாற்ற முடியாது.

அதன் முகப்பில் உள்ள டெஸ்ட் பட்டனைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது வெறும் பெட்டி. அடிக்கடி விழுகிறது என்று சொல்லி அதைக் கழற்றி நேராக இணைத்துவிடும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அது விழுவதற்குக் காரணம் இருக்கிறது: ஈரம் புகுந்த மோட்டார், வாட்டர் ஹீட்டரின் ஓட்டை விழுந்த காயில், எங்கோ ஒளிந்திருக்கும் நியூட்ரல்-எர்த் கட்டு, அல்லது இன்வெர்ட்டர் நியூட்ரலோடு கலந்துவிட்ட மெயின் நியூட்ரல். ஒவ்வொரு சர்க்யூட்டாக அணைத்துப் பார்த்தால் காரணம் அகப்படும்.

6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று இரண்டு வகைப் பாயின்ட் ஏன்?

6 ஆம்பியரை 230-ஆல் பெருக்கினால் 1380 வாட். 16 ஆம்பியருக்கு 3680 வாட். மிக்ஸி, கிரைண்டர், டி.வி., 1000 வாட் அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றுக்கு முதலாவது போதும். 1500 வாட் மின்கெட்டில் 6.5 ஆம்பியர் எடுக்கிறது. அப்போதே எல்லை தாண்டிவிட்டது. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் 16 ஆம்பியர் பவர் பாயின்ட் வேண்டும்.

பாயின்ட்டை மட்டும் பெரிதாக்கினால் ஆகாது. பின்னால் வரும் வயரும் தாங்க வேண்டும். விளக்குகளுக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர், பவர் பாயின்ட்டுக்கு 2.5, ஏ.சி.க்கும் பெரிய ஹீட்டருக்கும் 4 என்பது நடைமுறையில் உள்ள தாமிர வயர் அளவு. லைட் சர்க்யூட்டின் 1 சதுர மில்லிமீட்டர் வயரிலிருந்தே இழுத்து 16 ஆம்பியர் சாக்கெட்டை மாட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சாக்கெட்டைத் திறந்து வயரின் தடிமனைப் பாருங்கள். வயர் உறையின் மேலேயே அளவும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சிடப்பட்டிருக்கும்.

லேப்டாப்பை சார்ஜ் போட்டிருக்கும்போது உலோகப் பகுதியில் சுருக்கென்று இருக்கிறதே?

சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் மின்தேக்கிகள் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் உடலுக்கு வருகிறது. எர்த் ஒழுங்காக இருந்தால் அது நிலத்துக்குப் போய்விடும். மூன்று முள் பிளக் கொண்ட கணினியில் இந்தச் சுருக்கு தெரிந்தால், அந்தப் பாயின்ட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆபத்து சிறியது; அறிவிப்பு பெரியது.

பிளக் சூடாகிறது, சாக்கெட் ஓரம் பழுப்பேறியிருக்கிறது. என்ன காரணம்?

தளர்ந்த இணைப்பு. திருகு இறுகாமலோ, உள்ளே உள்ள பித்தளைத் தகடு முள்ளைக் கவ்வாமலோ இருந்தால் அந்த இடத்தில் மட்டும் வெப்பம் பிறக்கும். எம்.சி.பி.க்கு இது தெரியாது, ஏனென்றால் மின்னோட்டம் அளவோடுதான் இருக்கிறது. பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கருகிய மற்றொன்று புதியதையும் கெடுத்துவிடும். பிளக் இல்லாத வயரின் முனையைச் சீவி, துளைக்குள் விட்டுத் தீக்குச்சியால் ஆப்பு வைக்கும் பழக்கத்தை, திருவிழாப் பந்தலாக இருந்தாலும் கல்யாண மண்டபமாக இருந்தாலும் அனுமதிக்காதீர்கள். தீக்குச்சி காய்ந்து சுருங்கியதும் வயர் தளர்ந்து பொறி பறக்கும்.

மெயினை அணைத்துவிட்டால் எல்லா வயரும் செத்துவிடும்தானே?

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் பெரும்பாலும் ஆம். இன்வெர்ட்டர் இருந்தால், மெயினை அணைத்த அடுத்த கணமே அது விழித்துக்கொண்டு, தன் சர்க்யூட்டுக்கு 230 வோல்ட் அனுப்பத் தொடங்கும். ஒரே சுவிட்ச் போர்டில் ஃபேனுக்கு இன்வெர்ட்டர் பேஸும், பவர் பாயின்ட்டுக்கு மெயின் பேஸும் இருக்கும்; இரண்டும் சிவப்பாகவே இருக்கும். இன்வெர்ட்டர் லைனுக்கு வேறு ஒரு பேஸ் நிறத்தை வீடு முழுவதும் ஒரே சீராகப் பயன்படுத்துவது நல்லது. வேலை தொடங்குமுன் மெயினையும், இன்வெர்ட்டரையும், மாடியில் பேட்டரியோடு கூடிய சோலார் இருந்தால் அதையும் அணைத்து, அதன் பிறகும் சோதித்துவிட்டே தொட வேண்டும்.

எதை நானே செய்யலாம்?

சாதனத்தின் பிளக்கை, சுவரிலிருந்து பிடுங்கிய நிலையில், மாற்றலாம். எர்த் வயரை மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக விடுங்கள். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் பேஸ் முதலில் அறுந்து, எர்த் கடைசியில் அறுபட வேண்டும். பிளக்கின் கழுத்தில் உள்ள பிடிப்பான் வயரின் வெளியுறையைக் கவ்வியிருக்கட்டும். சுவருக்குள் செல்லும் எதற்கும், தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்றவரை அழைப்பதே முறை. மீட்டருக்கு முந்திய பகுதி மின்வாரியத்துக்கு உரியது. அங்கே பழுது என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் தெரிவியுங்கள்.

புது வீடு கட்டுகிறோம். வயரிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

பூச்சு வேலைக்கு முன், சுவரில் பைப் பதித்த நிலையில் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அலமாரிக்குத் துளை போடும்போது அது உதவும். வயர் சுருள்களை வாங்கும்போது சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றையும் தேவைக்குச் சற்று மிகுதியாகவே வாங்குங்கள். எர்த் வயர் ஒவ்வொரு பிளக் பாயின்ட்டுக்கும் வருகிறதா என்று சாக்கெட்டுகளை மூடுமுன் நீங்களே எண்ணிப் பாருங்கள். வேலை முடிந்ததும் எர்த் தடையை மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். கடைசியாக, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு, எந்த நிறம் எந்த லைனுக்கு என்பதை ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, மெயின் போர்டு கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். நிறம் மாற்றிப் பயன்படுத்திய இடம் ஏதாவது இருந்தால் அதுவும் அந்தத் தாளில் இருக்கட்டும்.